பாலை ஆறு நிலத்தடி நீரைப் பெறுகிறதா, இழக்கிறதா? கண்டறியும் முறை

மழையே இல்லாத மாதங்களிலும் பாலைநிலத்தில் ஓர் ஆறு ஓடிக்கொண்டிருக்குமானால், தொலைவிலுள்ள பனிமலையோ அணையோ அதற்கு நீர் அனுப்பாத வரையில், அந்த நீர் நிலத்தடியிலிருந்து ஊறி வருவதாகவே கொள்ள வேண்டும். ஆற்றை ஒட்டிய நிலத்தடி நீர்மட்டம் ஆற்றின் நீர்மட்டத்தைவிட உயர்ந்திருந்தால் நீர் ஆற்றுக்குள் ஊறும். தாழ்ந்திருந்தால் ஆற்று நீர் நிலத்துக்குள் கசியும். நிலத்தடி நீர்மட்டம் மிகவும் இறங்கிவிட்டால் இரண்டுக்கும் இடையில் நீர் நிரம்பாத மண்ணடுக்கு உருவாகி, அதன்பின் மட்டம் இன்னும் எவ்வளவு இறங்கினாலும் கசிவின் அளவு அதிகரிக்காது. ஒரே ஆறு சில கிலோமீட்டருக்குள் இந்த மூன்று நிலைகளிலும் இருக்கக்கூடும் என்பதால், முழு ஆற்றுக்கும் ஒரே விடை தேடுவது வீண்.

முதலில், ஆண்டின் மிக வறண்ட நாட்களில் ஆற்றின் நெடுகிலும் நடந்து, எங்கே நீர் இருக்கிறது, எங்கே மணல் மட்டும் இருக்கிறது என்று வரைபடத்தில் குறித்துக்கொள்ளுங்கள். மெக்சிகோவில் தோன்றி அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்துக்குள் வடக்கு நோக்கி ஓடும் சான் பெட்ரோ ஆற்றில், பருவமழைக்கு முந்தைய ஜூன் மாதத்தில் தன்னார்வலர்கள் 1999 முதல் இவ்வாறு கணக்கெடுத்து வருகிறார்கள். அடிப்பாறை மேலெழும் குறுகலான இடங்களில் நீர் வெளிப்படுவதையும், ஆழமான மணல் நிரம்பிய அகன்ற இடங்களில் அது மறைவதையும் பெரும்பாலும் காணலாம். மணல் காய்ந்திருப்பதாலேயே கீழே ஓட்டம் இல்லை என்று முடிவுகட்டிவிடக் கூடாது.

அடுத்து, ஒரே நாளில் மேலும் கீழுமாக இரண்டு இடங்களில் ஆற்றின் அகலம், ஆழம், வேகம் ஆகியவற்றை அளந்து ஓட்டத்தைக் கணக்கிடுங்கள். இடையில் சேரும் ஓடைகளையும் பிரியும் வாய்க்கால்களையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும். மேலே நொடிக்கு 120 லிட்டர், கீழே 90 லிட்டர் என்றால், ஒவ்வோர் அளவீட்டிலும் 5 விழுக்காடு பிழை இருந்தாலும், ஆறு நீரை இழப்பது உறுதி. கீழே 114 லிட்டர் என்று வந்தால் எதையும் சொல்ல முடியாது. அந்த வேறுபாடு பிழைக்குள்ளேயே அடங்கிவிடுகிறது. கசிவு குறித்த பல வாதங்கள் இந்த எளிய கணக்கைச் செய்யாததால் எழுபவை என்பது என் கருத்து.

ஐயம் இருக்கும் இடத்தில், நுனி அடைக்கப்பட்டு அடிப்பகுதியில் துளைகள் இடப்பட்ட மெல்லிய குழாயை ஆற்றுப்படுகையில் ஏறத்தாழ ஒரு மீட்டர் ஆழத்துக்கு அடித்து இறக்குங்கள். குழாய்க்குள் நீர் வெளியே உள்ளதைவிட உயர்ந்து நின்றால் ஊற்று. தாழ்ந்து நின்றால் கசிவு. துளைகளை வண்டல் அடைத்துக்கொண்டால் குழாய் பொய் சொல்லும். ஆகவே சிறிது நீரை ஊற்றி, அது இறங்குகிறதா என்று பார்த்துவிட்டு அளவெடுங்கள். இந்த உயர வேறுபாட்டிலிருந்து 1856-இல் பிரெஞ்சுப் பொறியாளர் டார்சி வகுத்த விதியின்படி நீரின் அளவையும் கணக்கிடலாம் என்றாலும், மண் நீரைக் கடத்தும் திறன் இடத்துக்கு இடம் பன்மடங்கு மாறுவதால், திசையை நம்புங்கள், அளவை எச்சரிக்கையோடு கையாளுங்கள். வெப்பநிலைப் பதிவுக் கருவி கிடைத்தால் அதையும் படுகைக்குள் புதைக்கலாம்: பகலிரவு வெப்ப மாற்றம் ஆழம்வரை எட்டினால் ஆற்று நீர் கீழிறங்குகிறது, வெப்பநிலை ஏறக்குறைய மாறாமலிருந்தால் நிலத்தடி நீர் மேலேறி வருகிறது.

வெள்ளத்தின்போது நிலைமை தலைகீழாகி, நிலத்தடி நீரைப் பெறும் ஆறும் நீரை இழக்கலாம். நமீபியாவின் குய்செப் போன்ற ஆறுகள் ஆண்டில் சில நாட்களே ஓடினாலும், படுகைக்கு அடியிலுள்ள மணலை நிரப்புபவை அந்த நாட்களே. அங்கே வெள்ளத்தின் உயரத்தைவிட அது நீடிக்கும் கால அளவே நிலத்தடிக்குச் சேரும் நீரைப் பெரிதும் தீர்மானிக்கிறது. ஆகவே வெள்ளம் வந்த நேரத்தையும் வடிந்த நேரத்தையும் தவறாமல் குறித்து, அருகிலுள்ள கிணறுகளின் மட்டத்தை அதற்கு முன்னும் பின்னும் அளந்து வையுங்கள்.

கடினமான கேள்வி, ஓட்டம் குறைவதற்குக் காரணம் என்ன என்பது. கரையோர மரங்கள் பகலில் நீரை உறிஞ்சுவதால் பிற்பகலில் ஆறு மெலிந்து இரவில் தேறும். காலையில் ஒரு நாளும் மாலையில் ஒரு நாளும் அளந்து ஒப்பிடுவது தவறான முடிவையே தரும். கிணறுகளின் விளைவோ மெதுவானது. இறைக்கப்படும் நீர் வேறெங்கோ ஏற்படும் இழப்பாலேயே ஈடுசெய்யப்படும் என்று அமெரிக்க நிலத்தடி நீரியல் அறிஞர் சார்லஸ் தைஸ் 1940-இல் விளக்கினார். தொலைவிலுள்ள கிணற்றின் பாதிப்பு ஆற்றை எட்டப் பல ஆண்டுகள் ஆகலாம், இறைப்பை நிறுத்திய பின்னும் தொடரலாம். 2005 ஜூலையில் சான் பெட்ரோவின் சார்ல்ஸ்டன் அளவீட்டு நிலையத்தில் ஓட்டம் முதல்முறையாக நின்றபோது வறட்சி, மரங்கள், கிணறுகள் மூன்றும் காரணங்களாகப் பேசப்பட்டன. மரங்களின் பங்கைப் பிரித்தறிய, அவை இலையுதிர்த்து நிற்கும் குளிர்கால ஓட்டத்தை ஆண்டுதோறும் ஒப்பிடுங்கள்: மழை ஏறக்குறைய ஒரே அளவில் இருந்தும் அந்த ஓட்டம் தொடர்ந்து தேய்ந்துவந்தால், அடுத்ததாகப் பார்க்க வேண்டியவை கிணறுகளின் இறைப்புப் பதிவேடுகள்.