பழைய வண்டிக்குச் சரியான ஃப்யூயல் ஃபில்டர் கண்டுபிடிக்கிறது எப்படி

பழைய வண்டி வச்சிருக்கிற முக்காவாசி பேர் பண்ற வேலை இதுதான், வண்டியில இருக்கிற ஃபில்டரைக் கழட்டி கையில எடுத்துக்கிட்டு கடையில போய் "இதே மாதிரி ஒண்ணு குடுங்க"ன்னு நிக்கிறது. நானும் நின்னிருக்கேன். அந்த ஃபில்டர் கம்பெனியில போட்டதுதான்னு யாருக்குத் தெரியும்? இருபது முப்பது வருஷத்துல வண்டி எத்தனை கை மாறிச்சோ, அவசரத்துக்கு எவன் எதை மாட்டினானோ.

நான் வாங்கின ஒரு செகண்ட் ஹேண்ட் கார்ல உள்ள பெட்ரோல் தெரியற மாதிரி ஒரு பிளாஸ்டிக் ஃபில்டர் இருந்துச்சு, பார்க்க நல்லாத்தான் இருந்துச்சு, அதே மாதிரியே புதுசு வாங்கி மாட்டினேன். கொஞ்ச நாள்ல வண்டிக்குள்ள லேசா பெட்ரோல் வாசனை. பானெட்டைத் தூக்கிப் பார்த்தா ஃபில்டரோட ரெண்டு பாதியும் ஒட்டியிருக்கிற கோட்டுல, முடி தடிமனுக்கு, ஈரம் மினுங்குது. விரலை வச்சா பெட்ரோல். அந்தக் கார் இன்ஜெக்ஷன் வண்டி, அதாவது பெட்ரோலை அதிக பிரஷர்ல பீச்சி அடிக்கிற வகை. மாட்டியிருந்தது கார்ப்பரேட்டர் வண்டி ஃபில்டர், அதாவது பெட்ரோலைக் காத்தோட கலந்து இன்ஜின் உறிஞ்சிக்கிற வகைக்குச் செஞ்சது. கீழயே எக்சாஸ்ட் சூடா போகுது. அன்னிக்குத் தீப்பிடிக்காம விட்டது என் அதிர்ஷ்டம்.

அதனால முதல்ல பார்க்க வேண்டியது பிரஷர், சைஸ் எல்லாம் அப்புறம். கார்ப்பரேட்டர் வண்டியில பம்ப் குடுக்கிற பிரஷர் ரொம்ப கம்மி, சுமாரா 3லேர்ந்து 7 பிஎஸ்ஐக்குள்ளதான் (பிரஷரை அளக்கற அலகு) இருக்கும். அதுக்கு அந்த பிளாஸ்டிக் ஃபில்டர் தாராளமா போதும். ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனித்தனி இன்ஜெக்டர் வச்ச மல்டி பாயின்ட் இன்ஜெக்ஷன்னா 2.5லேர்ந்து 4 பார், அதாவது 36லேர்ந்து 58 பிஎஸ்ஐ. பாஷ் கே-ஜெட்ரானிக் மாதிரி பழைய மெக்கானிக்கல் இன்ஜெக்ஷன்ல 5 பார் கிட்ட போகும். இதுக்கெல்லாம் இன்ஜெக்ஷனுக்குன்னே செஞ்ச ஃபில்டர்தான், அதுவும் பழைய வண்டிகள்ல பெரும்பாலும் இரும்பு இல்லன்னா அலுமினிய பாடி. வண்டி பழசுன்னா கார்ப்பரேட்டராத்தான் இருக்கும்னு முடிவு பண்ணிடாதீங்க, 1967லயே ஃபோக்ஸ்வாகன் டைப் 3ல எலெக்ட்ரானிக் இன்ஜெக்ஷன் வந்தாச்சு. பம்பே இல்லாம டேங்க்லேர்ந்து தானா இறங்கற பைக்குக்கு நேர் எதிர் பிரச்சினை, பம்ப் தள்ளிவிடற வண்டிக்குச் செஞ்ச பேப்பர் ஃபில்டரை அதுல மாட்டினா பெட்ரோல் போதுமான வேகத்துல இறங்காது, வண்டி மெதுவா ஓடும்போது ஒண்ணும் தெரியாது, ஆக்சிலேட்டரை முறுக்கி ஒரு நிமிஷம் ஓட்டினா மூச்சு வாங்கும்.

அடுத்தது நம்பர். பழைய ஃபில்டரை நல்லா துடைச்சிட்டு டார்ச் அடிச்சுப் பாருங்க, பாடியில அச்சடிச்சிருக்கும் இல்ல குத்தியிருக்கும். பாஷ் கம்பெனியோட பழைய நம்பர்கள்ல 0 450ன்னு ஆரம்பிச்சா பெரும்பாலும் பெட்ரோல் ஃபில்டர், 1 457ன்னா டீசல். மான்ங்கற பிராண்ட் ஃபில்டர்ல டபிள்யூகேன்னு ஆரம்பிக்கிறது ஃப்யூயல் ஃபில்டர். ஆனா இந்த நம்பர் உங்க வண்டியில இப்ப இருக்கறது என்னன்னு மட்டும்தான் சொல்லும், இருக்க வேண்டியது என்னன்னு சொல்லாது. அதுக்கு வண்டி கம்பெனியோட பார்ட்ஸ் கேட்டலாக் வேணும். அதுல மாடல் பேரை மட்டும் வச்சுத் தேடாதீங்க, ஒரே பேர்ல நாலு இன்ஜின் வந்திருக்கும், வருஷத்துக்கு நடுவுல மாத்தியிருப்பாங்க. சேஸ் நம்பர், இன்ஜின் கோடு, தயாரிச்ச மாசம் மூணும் கையில இருக்கணும். 17 எழுத்து சேஸ் நம்பர் அமெரிக்காவுல 1981லேர்ந்துதான் கட்டாயம், அதுக்கு முந்தின வண்டியில சின்னதா இருந்தா பயப்படாதீங்க. 17 எழுத்துல ஆங்கில ஐ, ஓ, க்யூ மூணும் வரவே வராது, அதனால துருப்பிடிச்ச தகட்டுல ஓ மாதிரி வட்டமா தெரிஞ்சா அது ஜீரோ. இன்ஜின் கோடை பேப்பர்ல பார்க்காதீங்க, இன்ஜின் மேலயே போய்ப் பாருங்க, பழைய வண்டியில இன்ஜினே மாத்தியிருக்க வாய்ப்பு இருக்கு, அப்படி மாத்தியிருந்தா இன்ஜின் எந்த வண்டியோடதோ அந்த வண்டி ஃபில்டரைத்தான் தேடணும்.

கேட்டலாக் நம்பர் கிடைச்சதும் அது நின்னுபோன நம்பரான்னு பாருங்க, நிறைய தடவை அதுக்குப் பதிலா புது நம்பர் குடுத்திருப்பாங்க. அப்புறம் ஃபில்டர் கம்பெனிகளோட கிராஸ் ரெஃபரன்ஸ்ல போட்டா மத்த பிராண்ட் நம்பர் எல்லாம் வரும். ஒரே ஒரு லிஸ்ட்டை நம்பாதீங்க, ரெண்டு மூணு கம்பெனி லிஸ்ட் ஒரே பதிலைச் சொல்லணும். ஒண்ணு மட்டும் வேற மாதிரி சொன்னா பெரும்பாலும் நடுவருஷ மாற்றம்தான் காரணம்.

கேட்டலாக்கே கிடைக்கலன்னாதான் அளக்கற வேலை. வெர்னியர் (மி.மீ.க்குக் கீழயும் அளக்கற கருவி) ஒண்ணு வச்சுக்கோங்க. ஹோஸ் மாட்டற மூக்கோட வெளி அளவு, ரெண்டு பக்கமும் தனித்தனியா, ஏன்னா சிலதுல உள்ள வர்றது ஒரு சைஸ் வெளிய போறது ஒரு சைஸ். கால் இன்ச்னா 6.35 மி.மீ., 5/16 இன்ச்னா 7.94, 3/8னா 9.53. 5/16 ஹோஸும் 8 மி.மீ. மூக்கும் கச்சிதமா சேர்ந்துக்கும், கால் இன்ச் ஹோஸை 6 மி.மீ. மூக்குல மாட்டினா லூஸ், கிளாம்ப் போட்டு இறுக்கிச் சமாளிக்கலாம்னு நினைக்காதீங்க.

மரை போட்ட ஃபில்டர்னா இன்னும் கவனம். 3/4 இன்ச் 16 மரைங்கறது (இன்ச்சுக்கு 16 சுத்து) 19.05 மி.மீ. தடிமன், எம்20 மரைங்கறது 20 மி.மீ. பக்கத்துல பக்கத்துல வச்சா கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது. எம்20 ஸ்பின்-ஆன் (சுத்தி மாட்டற) ஃபில்டரை 3/4 இன்ச் ஸ்டட்ல (மரை போட்ட கம்பியில) சுத்தினா ஏறும், கையால இறுக்கினா இறுகின மாதிரியே இருக்கும், ஆனா மரையோட நுனி மட்டும்தான் பிடிச்சிருக்கும், பிரஷர் வந்து அதிர்வும் சேர்ந்தா பிச்சுக்கும். கடைசி வரைக்கும் இறுக்காம பாதியில நிறுத்தி ஃபில்டரை ஆட்டிப் பாருங்க. வழக்கத்துக்கு மீறி ஆடினா மரை வேற. கேஸ்கட்டோட உள் அளவு, வெளி அளவு ரெண்டும் அதே மாதிரி பழசோட ஒத்துப் போகணும்.

மூணு மூக்கு வச்ச ஃபில்டர்னா ஒண்ணு டேங்குக்குத் திரும்பற லைன். அதுக்குப் பதில் ரெண்டு மூக்கு ஃபில்டர் வாங்கி மிச்ச ஹோஸை அடைச்சு விடறது வேண்டாத வேலை. ஃபோக்ஸ்வாகன் குரூப் கார்கள் சிலதுல பிரஷர் ரெகுலேட்டரே ஃபில்டருக்குள்ளதான் இருக்கும், 3 பார் ஒண்ணு 4 பார் ஒண்ணு, வெளிய பார்த்தா ரெண்டும் அச்சு அசல் ஒண்ணு. இங்க அளவெடுத்து ஒரு புண்ணியமும் இல்ல, நம்பர் ஒண்ணுதான் வழி.

டீசலுக்குத் தண்ணி பிரிக்கிற வசதியும் பார்க்கணும். பழசுல கீழ வடிகால் திருகோ தண்ணி சென்சாருக்கு ஓட்டையோ இருந்தா புதுசுலயும் அது இருக்கணும். காமன் ரெயில் டீசல்னா (எல்லா இன்ஜெக்டருக்கும் ஒரே குழாய்லேர்ந்து அதிக பிரஷர்ல டீசல் போற வகை) மலிவு ஃபில்டர் பக்கமே போகாதீங்க, ரெயில் பிரஷர் 1000 பாரைத் தாண்டும், ஒரு துகள் நுழைஞ்சாலே இன்ஜெக்டர் செலவு தலைக்கு மேல போயிடும். கார்கள்ல அது 1997ல ஆல்ஃபா ரோமியோ 156ல வந்தது, ஆக அதுவும் இப்ப பழைய வண்டிக் கணக்குதான்.

வாங்கியாச்சுன்னா மாட்டறதுக்கு முன்னாடி பழசையும் புதுசையும் பக்கத்துல படுக்க வச்சு ஒருதடவை பாருங்க, நீளம், மூக்கு கோணம், அம்புக்குறி. அம்பு இன்ஜின் பக்கம் பார்க்கணும். இன்ஜெக்ஷன் வண்டியில பம்ப் ஃப்யூஸை எடுத்துட்டு இன்ஜின் தானா நிக்கிற வரைக்கும் ஓட விட்டு பிரஷரை இறக்கிட்டுத்தான் கை வைக்கணும், பேட்டரி வயரையும் கழட்டிடுங்க, பக்கத்துல நெருப்போ சூடான பல்போ இருக்கவே கூடாது. தாமிர வாஷர் இருந்தா புதுசு போடுங்க. ஹோஸையும் மாத்தறதா இருந்தா இன்ஜெக்ஷனுக்கு எஸ்ஏஈ 30ஆர்9னு தரக் குறியீடு போட்டது வேணும், 30ஆர்7 கார்ப்பரேட்டருக்குத்தான். எத்தனால் கலந்த பெட்ரோல் போடறீங்கன்னா பழைய ரப்பரை வளைச்சுப் பாருங்க, வெடிப்பு தெரிஞ்சா யோசிக்காம தூக்கிப் போடுங்க. டீசல்னா கை பம்ப்பை அடிச்சு குமிழ் நிக்கிற வரைக்கும் ஏர் எடுக்கணும், இல்லன்னா ஸ்டார்ட் ஆகாம பேட்டரிதான் இறங்கும்.

ஃப்யூஸையும் பேட்டரி வயரையும் திரும்ப மாட்டிட்டு, சாவியை ஆன் மட்டும் பண்ணுங்க, ஸ்டார்ட் பண்ணாதீங்க, பம்ப் ரெண்டு செகண்ட் ஓடி நிக்கும், மூணு நாலு தடவை அப்படிப் பண்ணிட்டு டிஷ்யூ பேப்பரால ஒவ்வொரு ஜாயின்ட்டையும் தொட்டுப் பாருங்க, துளி ஈரம்னாலும் பேப்பர்ல தெரிஞ்சிடும். பம்பை இன்ஜினே ஓட்டற பழைய கார்ப்பரேட்டர் வண்டியில ஸ்டார்ட் பண்ணினாதான் இது தெரியும். எல்லாம் காஞ்சு இருந்தா ஃபில்டர் நம்பரையும் தேதியையும் கிலோமீட்டரையும் ஒரு டேப்ல எழுதி பானெட்டுக்கு உள்பக்கம் ஒட்டிடுங்க, அடுத்த தடவை தேடப் போறதும் நீங்கதான்.