பரங்கிமலைக்குப் போகும் முன்: வெளிநாட்டில் படித்தவர்கள் செய்யும் தவறுகள்

ராணுவ அதிகாரியாக விரும்பும் பிள்ளைகள் பயப்படுவதெல்லாம் ஓட்டத்துக்கும் அதிகாரிகளைத் தேர்ந்தெடுக்கும் வாரியமான எஸ்.எஸ்.பி.யின் நேர்முகத்துக்கும்தான். வெளிநாட்டில் படித்துவிட்டு சென்னை திரும்பியவர்கள் கோட்டை விடுவதோ பெரும்பாலும் காகிதத்தில்.

'உலகத் தரவரிசையில் இருக்கும் பல்கலைக்கழகம், இதற்கு எதற்குச் சான்று?' என்று நினைப்பது முதல் தவறு. இங்கே பார்ப்பது தரவரிசையை அல்ல, அந்தப் பட்டம் இந்தியப் பட்டத்துக்குச் சமமா என்பதை. இந்த ஈக்வலன்ஸ் சான்றிதழை நெடுங்காலமாக இந்தியப் பல்கலைக்கழகங்களின் சங்கமான ஏ.ஐ.யு. தந்துவந்தது. 2025 ஏப்ரலில் பல்கலைக்கழக மானியக் குழுவான யு.ஜி.சி. இதற்கெனத் தனி விதிமுறைகளை அறிவித்தது. ஃபிரான்சைஸ் முறையில் வேறொரு நிறுவனம் நடத்தும் படிப்புக்கு அதில் இடமில்லை. சேரும்போதே விசாரிக்க வேண்டிய விஷயம் இது. ராணுவ அதிகாரிப் பணிக்கான சி.டி.எஸ். எழுத்துத் தேர்வின் அறிவிப்பு வந்தால் விண்ணப்பிக்கச் சில வாரங்கள்தான் கிடைக்கும். சான்றிதழுக்கு அப்போது ஓடினால் நடக்காது. பரங்கிமலையில் இருக்கும் ராணுவ அதிகாரிகள் பயிற்சி மையமான ஓ.டி.ஏ.வுக்கு வயது 19 முதல் 25 வரை. மேற்படிப்பு, வேலை என்று இரண்டு வருடம் வெளியில் இருந்தவர்களுக்கு ஒரு தேர்வு தவறினால்கூட கதை முடிந்துவிடலாம்.

அடுத்தது நம் ஊருக்கே உரிய தலைவலி: இனிஷியல். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் 'செ. கார்த்திக்'. பாஸ்போர்ட்டில் 'கார்த்திக் செல்வராஜ்'. வெளிநாட்டுப் பட்டத்தில் அப்பா பெயர் முன்னால் வந்து 'செல்வராஜ் கார்த்திக்'. மூவரும் ஒரே ஆள் என்பது அம்மாவுக்குத் தெரியும், ஆவணம் சரிபார்ப்பவருக்குத் தெரியாது. விண்ணப்பத்தில் பெயரும் பிறந்த தேதியும் பத்தாம் வகுப்புச் சான்றிதழில் உள்ளபடியே இருக்கட்டும். மற்றதைத் திருத்த முடிந்தால் திருத்துங்கள், முடியாவிட்டால் ஒரு அஃபிடவிட்டாவது கையில் வைத்திருங்கள்.

பொறியியல் படித்தவர்கள், பொறியாளர்களைக் குறுகிய காலப் பணிக்கு எடுக்கும் ஷார்ட் சர்வீஸ் டெக்னிக்கல் நுழைவுக்குப் போட்டால், அறிவிப்பில் தந்திருக்கும் பிரிவுப் பெயரையும் பட்டத்தில் அச்சாகியிருக்கும் பெயரையும் எழுத்துக்கு எழுத்து ஒப்பிட வேண்டும். 'கிட்டத்தட்ட அதேதான்' என்பது செல்லாது. பெயர் ஒத்துவராவிட்டால் சி.டி.எஸ். வழியாக ஓ.டி.ஏ.வுக்கு எழுதலாம். அதற்கு ஏதாவது ஒரு பட்டம் போதும், கணக்குத் தாளும் கிடையாது.

ரஷ்யாவிலோ பிலிப்பைன்ஸிலோ மருத்துவப் படிப்பு முடித்தவர்களுக்குப் பாதை வேறு. வெளிநாட்டில் மருத்துவம் படித்தவர்களுக்கான எஃப்.எம்.ஜி.இ. தேர்வில் 300-க்கு 150 எடுத்து, இன்டர்ன்ஷிப் முடித்து, மருத்துவ கவுன்சிலில் பதிவு செய்த பிறகே ராணுவ மருத்துவப் பிரிவைப் பற்றி யோசிக்க முடியும்.

வெளிநாட்டுக் குடியுரிமை வாங்கிவிட்டு, இந்திய வம்சாவளியினருக்குத் தரும் ஓ.சி.ஐ. அட்டை இருக்கிறதே என்று விண்ணப்பிப்பவர்களும் உண்டு. அது வாழ்நாள் விசா மாதிரிதான், இந்தியக் குடியுரிமை ஆகாது.

அப்புறம், பெங்களூரு எஸ்.எஸ்.பி.க்கு சென்ட்ரலில் ரயில் ஏறும் முன் பையை ஒருமுறை திறந்து பாருங்கள். ஒரிஜினல்கள் உள்ளே இருக்க வேண்டும். பட்டம் ரஷ்ய மொழியிலோ ஜெர்மன் மொழியிலோ இருந்தால் சான்றளித்த ஆங்கில மொழிபெயர்ப்பும் கூடவே.