ஊட்டி வீட்டு மரத்தரைக்கு சிப்போர்டு போடுறது எப்படி

ஊட்டி, குன்னூர் பக்கம் பழைய வீட்டு மரத்தரை நடந்தாலே கிரீச்சுன்னு கத்துதுன்னா பலகையைக் கழட்டிட்டு சிப்போர்டு (மரத்துகளைப் பசை போட்டு அழுத்தின பலகை) அடிச்சு மேல லேமினேட்டோ கார்பெட்டோ போட்டுக்கலாம், ஆனா அலமாரிக்கு வர்ற சாதா போர்டை மட்டும் வாங்கிடாதீங்க, நம்ம ஊரு ஈரத்துக்கு ஊதி உதிர்ந்துடும். ஈரம் தாங்குற பி5 கிரேடு, டங் அண்ட் குரூவ் (ஒரு ஓரம் நாக்கு, எதிர் ஓரம் அது சொருகுற பள்ளம்) வெட்டினதா கேளுங்க. பலகையைத் தாங்குற அடிச்சட்டம் 400 மி.மீ. இடைவெளிக்குள்ள இருந்தா 18 மி.மீ. கனம் போதும், 600 வரைக்கும்னா 22.

ரெண்டு நாள் போர்டை, போடப்போற ரூம்லயே வச்சிருங்க. ஜூன் மழையில இந்த வேலையே வேணாம், ஜனவரி பிப்ரவரிதான் சரி.

சட்டத்துக்குக் குறுக்கா வச்சு, ஜாயிண்ட் ஒரே கோட்டுல வராம செங்கல் கட்டு மாதிரி மாத்தி மாத்தி போடுங்க. குரூவுல பசை விடுறதுல கஞ்சத்தனம் கூடாது, தட்டி இறுக்கும்போது மேல லேசா பிதுங்கணும், உடனே ஈரத்துணியால துடைச்சிடுங்க. சட்டத்து மேலயும் ஒரு கோடு பசை. ஆணி வேணாம், 50 மி.மீ. ஸ்க்ரூ, 200-300 மி.மீ.க்கு ஒண்ணு. சுவரோரம் 10 மி.மீ. இடைவெளி விடணும்.

மூடுறதுக்கு முன்னாடி வெளிச்சுவர்ல தரைக்குக் கீழ இருக்கற காத்து ஓட்டையப் பாருங்க, எலி வருதுன்னு யாராவது சிமெண்ட் வச்சு அடைச்சிருப்பாங்க, அதை உடைச்சு காத்து போக விட்டு, எலி வராம வலை அடிங்க.