தென்னாப்பிரிக்காவுக்கு வேலைக்குப் போகிறீர்களா? இனத்தைப் பற்றிப் பேசும் முன்

எடுத்த எடுப்பிலேயே யாரிடமும் "நீங்கள் எந்த இனம்?" என்று கேட்காதீர்கள். 1950-இல் அன்றைய வெள்ளையர் ஆட்சி கொண்டுவந்த மக்கள் பதிவுச் சட்டம் ஒவ்வொருவர் மீதும் இன முத்திரை குத்தியது, சந்தேகம் வந்தால் தலைமுடியில் பென்சிலைச் செருகி, நிற்கிறதா விழுகிறதா என்றுகூடப் பார்த்தார்கள், ஒரே வீட்டில் அண்ணன் ஒரு இனம் தம்பி வேறு இனம் என்றெல்லாம் ஆனது. 1991-இல் சட்டம் போய்விட்டது, வலி போகவில்லை.

ஊரைக் கேளுங்கள், அது போதும். கேப் டவுன்காரர் அந்த நகரின் டிஸ்ட்ரிக்ட் சிக்ஸ் பகுதியைப் பற்றித் தொடங்கினால் குறுக்கே பேசாதீர்கள், அதை வெள்ளையருக்கு மட்டும் என்று அறிவித்து, அங்கிருந்து மட்டும் சுமார் 60,000 பேரை விரட்டினார்கள். கலப்பினத்தவரைக் குறிக்கும் 'கலர்ட்' என்ற சொல் சிலருக்குப் பெருமை, சிலருக்குப் பிடிக்காது. அவர் தன்னை எப்படிச் சொல்கிறாரோ அப்படியே சொல்லுங்கள்.

அப்புறம், டர்பன் நகரில் இந்திய வம்சாவளியினர் அதிகம் வாழும் சாட்ஸ்வொர்த்தில் கோவிந்தர், நாயுடு என்று பெயரைப் பார்த்ததும் "இந்தியாவில் எங்கே?" என்று கேட்கத் தோன்றும். 1860-இலிருந்தே கரும்புத் தோட்டத்துக்கு வந்தவர்களின் வாரிசுகள் அவர்கள், டர்பன்தான் அவர்கள் ஊர்.