எண்ணிக்கை ஏமாற்றும் இடங்கள்: சொல் கணக்கை வைத்து எழுத்தைத் திருத்துபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

"அவர் படித்துக்கொண்டிருந்தார்." இதில் எத்தனை சொற்கள் என்று எந்தச் செயலியைக் கேட்டாலும் இரண்டு என்றுதான் சொல்லும். "அவர் படித்துக் கொண்டிருந்தார்" என்று எழுதினால் மூன்று. "அவர் படித்துக் கொண்டு இருந்தார்" என்றால் நான்கு. பொருள் மாறவில்லை, ஒலியும் ஏறக்குறைய அதேதான். இடைவெளி விசையை இரண்டு முறை தட்டியதில் கணக்கு இரட்டிப்பாகிவிட்டது.

எழுத்துச் செயலிகளுக்குச் சொல் என்றால் என்னவென்று தெரியாது. இரண்டு இடைவெளிகளுக்கு நடுவே கிடப்பதுதான் அவற்றுக்குச் சொல். விகுதியும் துணைவினையும் ஒட்டிக்கொண்டே போகும் மொழியில் இந்த அளவுகோல் எழுதுபவரின் பழக்கத்தைத்தான் அளக்கிறது. சேர்த்தெழுதும் ஒருவரின் 800 சொல் கட்டுரையும் பிரித்தெழுதும் ஒருவரின் 1000 சொல் கட்டுரையும் ஒரே அளவுள்ள சரக்காக இருக்கலாம்.

இதிலிருந்து பிறக்கும் முதல் தவறு, வரம்புக்குள் அடங்குவதற்காகச் சொற்களை ஒட்டுவது. ஆயிரம் சொல்லுக்கு மேல் போகக் கூடாது என்றால் 1040ஐ 1000 ஆக்க இடைவெளிகளை அழிப்பார்கள். குறைந்தபட்ச அளவு கேட்டால் பிரிக்கத் தொடங்குவார்கள். கணக்கு சரியாகும், பொருள் கெடும். "அவர் சொன்னபடி ஏறினான்" என்பது அவர் பேச்சைக் கேட்டு ஏறியது. "அவர் சொன்ன படி ஏறினான்" என்றால் அவர் காட்டிய படிக்கட்டு. படி, போது, உடன், தான், கூட ஆகியவை இப்படிக் காலை வாரும். எழுதத் தொடங்கும்போதே சேர்ப்பதா பிரிப்பதா என்று ஒரு முறையை வைத்துக்கொண்டு கடைசிவரை அதையே பின்பற்றினால், உங்கள் கட்டுரைகளை ஒன்றோடொன்று ஒப்பிடவாவது முடியும்.

சின்னச் சின்னக் கசிவுகளும் உண்டு. இருபுறமும் இடைவெளி விட்டுப் போடும் சிறுகோட்டை (-) வேர்ட் ஒரு சொல்லாக எண்ணும். இடைவெளியே இல்லாமல் போட்டால் கோட்டின் இருபுறச் சொற்களையும் ஒன்றாக்கிவிடும். எண்ணிக்கைப் பெட்டியில் அடிக்குறிப்புகளைச் சேர்ப்பதா வேண்டாமா என்று ஒரு தேர்வுக்கட்டம் இருக்கிறது. குறிப்புகள் நிறைந்த கட்டுரையில் அந்த ஒரு கட்டமே நூற்றுக்கணக்கான சொற்களைக் கூட்டிக் குறைக்கும். வரம்பு விதித்தவர்களிடம் எந்தச் செயலி, அடிக்குறிப்பு உண்டா இல்லையா என்று முன்னதாகவே கேட்டுவிடுங்கள்.

எழுத்தை எண்ணுவது இன்னும் சிக்கல்

சொல்லை விட்டுவிட்டு எழுத்தை எண்ணினால் சரியாகிவிடும் என்று நினைப்பவர்கள் அடுத்த குழியில் விழுகிறார்கள். "தமிழ்" மூன்றெழுத்து. கணினிகள் எழுத்துகளுக்குப் பயன்படுத்தும் பொதுக் குறியீட்டு முறையான யூனிகோடில் அது த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என ஐந்து குறியீடுகள். யூடிஎஃப்-8 முறையில் சேமித்தால் 15 பைட். செயலி "எழுத்துகள்" என்று காட்டும் எண் பெரும்பாலும் இந்த ஐந்துதான்.

மூன்றுக்கு ஐந்து என்று ஒரு விகிதம் வைத்துப் பெருக்கிக்கொள்ளலாமா என்றால் அதுவும் முடியாது. "படம்" மூன்றெழுத்து, நான்கு குறியீடு. "கொக்கு" மூன்றெழுத்து, ஆறு குறியீடு. அந்தக் "கொ"வில் உள்ள ஒகரக் குறியை ஒற்றைக் குறியீடாகவும் சேமிக்கலாம், ஒற்றைக்கொம்பு, கால் என இரண்டாகவும் சேமிக்கலாம். இரண்டாவது வகையில் "கொக்கு" ஏழாகும். திரையில் வித்தியாசமே தெரியாது. ஆனால் ஒரு வகையில் தட்டச்சிட்ட சொல்லைத் தேடினால், மற்ற வகையில் இருப்பது பல நிரல்களில் சிக்காது. பல கைகள் தட்டச்சிட்ட கோப்பை எண்ணுவதற்கு முன் யூனிகோட் இயல்பாக்கம் செய்து, இரு வகைகளையும் ஒன்றாக்கிக்கொள்வது இதனால்தான்.

உண்மையான எழுத்துக் கணக்கு வேண்டுமானால் உயிர்க்குறிகளையும் புள்ளியையும் விட்டுவிட்டு மற்றவற்றை மட்டும் எண்ண வேண்டும். நிரல் எழுதத் தெரிந்தவர்களுக்கு இது இரண்டு வரி வேலை. க்ஷ, ஸ்ரீ ஆகியவை மட்டும் இரண்டாக விழும், அதைப் பொறுத்துக்கொள்ளலாம். எழுத்தெண்ணிப் பாடுவது நமக்குப் புதிதல்ல என்பதையும் இங்கே சொல்லிவிடலாம். கட்டளைக் கலித்துறையில் நேரசையில் தொடங்கும் அடிக்கு 16 எழுத்து, நிரையசையில் தொடங்கினால் 17. மெய்யைக் கணக்கில் சேர்ப்பதில்லை. எதை எண்ணுவது, எதை விடுவது என்று முதலில் தீர்மானித்துவிட்டுத்தான் எண்ணியிருக்கிறார்கள்.

குறியீட்டுக் கணக்கு எங்கே தேவைப்படுகிறது என்றால் குறுஞ்செய்தியில். ஆங்கிலத்தில் ஒரு செய்திக்கு 160 குறியீடு. தமிழ் எழுத்து ஒன்று நுழைந்தாலே அது 70 ஆகச் சுருங்கும். நீண்டு பல துண்டாகப் போனால் துண்டுக்கு 67. அங்கே நீங்கள் எண்ண வேண்டியது எழுத்தை அல்ல, குறியீட்டை.

"அவன் வந்தான்" கல்லூரிப் பாடமா?

வாசிப்பு எளிமையை மதிப்பெண்ணாகத் தரும் கருவிகள் நிறைய இருக்கின்றன. பெரும்பாலானவற்றின் அடியில் இருப்பது ருடால்ஃப் ஃபிளெஷ் 1948இல் வெளியிட்ட சூத்திரம், அல்லது அதிலிருந்து 1975இல் அமெரிக்கக் கடற்படைக்காக உருவாக்கிய வகுப்பு நிலைச் சூத்திரம். முதலாவது இப்படி: 206.835இலிருந்து, வாக்கியத்துக்குச் சராசரிச் சொற்களை 1.015ஆல் பெருக்கிக் கழி. பிறகு சொல்லுக்குச் சராசரி அசைகளை 84.6ஆல் பெருக்கிக் கழி. 60 முதல் 70 வரை வந்தால் எளிய நடை. 30 முதல் 50 என்றால் கல்லூரி மாணவருக்கானது.

"அவன் வந்தான்" என்பதைப் போட்டுப் பார்ப்போம். இரண்டு சொல். யாப்பின் அசையை விட்டு உயிரொலிகளை மட்டும் எண்ணினால், சொல்லுக்கு இரண்டு அசை. விடை 35.6. முதல் வகுப்புக் குழந்தை படிக்கும் வாக்கியம் கல்லூரிக்குப் போய்விட்டது.

"ஆசிரியர் கட்டுரையைத் திருத்திக்கொண்டிருக்கிறார்." மூன்று சொல், 4, 4, 8 என 16 அசை. மதிப்பெண் மைனஸ் 247. கடைசிச் சொல்லைத் "திருத்திக் கொண்டு இருக்கிறார்" என்று பிரித்தால் ஐந்து சொல், 17 அசை. இப்போது மைனஸ் 86. ஒரு எழுத்துகூட எளிமையாகாமல் 161 புள்ளி கூடியிருக்கிறது.

சூத்திரத்தில் பிழை இல்லை. அது ஆங்கிலத்துக்கு அளந்து தைத்த சட்டை. ஆங்கிலத்தில் நீளமான சொல் பெரும்பாலும் அரிதான சொல்லாக இருக்கும், அதனால் அசைக் கணக்கு கடினத்தைக் காட்டும். தமிழில் சொல் நீள்வது காலமும் இடமும் வேற்றுமையும் ஒட்டுவதால். "கொண்டிருக்கிறார்" யாருக்கும் கடினமில்லை. "அறம்" இரண்டே அசை, அதை விளக்கத்தான் பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள். ஆகவே தமிழ்க் கட்டுரையை இத்தகைய கருவியில் ஒட்டி, வரும் எண்ணைப் பார்த்துச் சொற்களை மாற்றுவது வீண் வேலை. இந்த மதிப்பெண்ணைப் பச்சை, சிவப்பு என வண்ண விளக்குப் போட்டுக் காட்டும் துணைச் செயலிகளுக்கும் இதே கதைதான். சிவப்பு எரிந்தால், அது எதை எண்ணிச் சிவந்தது என்று தெரியும்வரை கைவைக்காதீர்கள்.

சராசரி மறைப்பது

வாக்கிய நீளம் பயனுள்ள அளவுதான், சராசரியாகப் பார்க்காத வரை. எட்டெட்டுச் சொல்லில் ஒன்பது வாக்கியம், நாற்பத்தெட்டுச் சொல்லில் ஒன்று. சராசரி 12. அருமையாக இருக்கிறது என்று சொல்லி நகர்ந்தால் அந்த 48 சொல் பூதம் அங்கேயே உட்கார்ந்திருக்கும். நீளத்தின்படி வாக்கியங்களை வரிசைப்படுத்தி மேலே உள்ள ஐந்தை மட்டும் படியுங்கள். திருத்த வேண்டியவை பெரும்பாலும் அங்கேதான்.

சராசரியே பொய்யாக இருக்கவும் வாய்ப்புண்டு. புள்ளி கண்ட இடமெல்லாம் வாக்கியம் முடிந்தது என்று எண்ணும் கருவிக்கு "உ.வே.சா. 1855இல் பிறந்தார்." என்பது நான்கு வாக்கியம். இருப்பதோ மூன்று சொல். வாக்கியத்துக்கு முக்கால் சொல்! தலைப்பெழுத்துகளும் கி.பி., கி.மு.வும் தசமப் புள்ளிகளும் நிறைந்த கட்டுரையில் இந்தக் கணக்கை நம்பவே முடியாது.

இதைவிட முக்கியமானது, தமிழில் நீளம் வேறு, பாரம் வேறு. கீழே இருப்பது 22 சொல் வாக்கியம்:

"காலையில் எழுந்து, பல் துலக்கி, குளித்து, உடை மாற்றி, பையை எடுத்துக்கொண்டு, கதவைப் பூட்டிவிட்டு, பேருந்து நிறுத்தத்துக்கு நடந்து, அங்கே பத்து நிமிடம் நின்று, வந்த முதல் பேருந்தில் ஏறினான்."

மூச்சு வாங்காமல் படித்துவிடலாம். அடுத்தது 13 சொல்தான்:

"கடந்த ஆண்டு வெளியான அறிக்கையில் குறிப்பிடப்பட்டிருந்த குறைகளைச் சரிசெய்வதற்காக அமைக்கப்பட்ட குழு பரிந்துரைத்த மாற்றங்கள் நடைமுறைக்கு வந்தன."

இதை இரண்டு தடவை படிக்க வேண்டியிருக்கிறது. முதல் வாக்கியத்தில் வினையெச்சங்கள் நடந்த வரிசையிலேயே ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன, வாசிப்பவர் ஒவ்வொன்றையும் முடித்துவிட்டு நகரலாம். இரண்டாவதில் வெளியான, குறிப்பிடப்பட்டிருந்த, அமைக்கப்பட்ட, பரிந்துரைத்த என்று நான்கு பெயரெச்சங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி நிற்கின்றன. எதைப் பற்றிய பேச்சு என்பது பதினோராவது சொல்லான "மாற்றங்கள்" வரும்வரை தெரிவதில்லை. அதுவரை எல்லாவற்றையும் நினைவில் சுமக்க வேண்டும்.

பிரித்துப் பார்க்கலாம்: "கடந்த ஆண்டு அறிக்கை சில குறைகளைச் சுட்டியது. அவற்றைச் சரிசெய்ய ஒரு குழு அமைத்தார்கள். அது பரிந்துரைத்த மாற்றங்கள் நடைமுறைக்கு வந்தன." சொற்கள் 13இலிருந்து 16 ஆகிவிட்டன. எண்ணிக்கையை மட்டும் பார்ப்பவர் இதைத் தோல்வி என்பார். நீங்கள் எண்ண வேண்டியது வாக்கியத்தில் அடுக்கிய பெயரெச்சங்களை. மூன்றைத் தாண்டினால் பிரிக்கலாம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இதை எண்ணித் தரும் பொத்தான் பொதுவான செயலிகளில் கிடையாது, பென்சிலால் கோடிடுவதே போதும்.

திரும்பத் திரும்ப வரும் சொல்

சொல்வளத்தை அளக்க, வெவ்வேறு சொற்களின் எண்ணிக்கையை மொத்தச் சொற்களால் வகுப்பார்கள். தமிழில் இந்த எண் எப்போதும் நம்மைப் புகழும். மரம், மரத்தை, மரத்தில், மரத்துக்கு என்று ஒரே சொல்லைத் திரும்பத் திரும்ப எழுதியிருந்தாலும் கருவிக்கு அவை நான்கு வெவ்வேறு சொற்கள். அதை, அதைக், அதைச், அதைத், அதைப் என்று ஒற்று மாறுவதுகூடப் புதுச் சொல்தான் அதற்கு. போதாக்குறைக்கு, கட்டுரை நீள நீள இந்த விகிதம் தானாகக் குறையும். 300 சொல் குறிப்பையும் 3000 சொல் கட்டுரையையும் இந்த எண்ணால் ஒப்பிட்டால் சிறியதுதான் வெல்லும். ஒப்பிட வேண்டுமென்றால் இரண்டிலிருந்தும் சம அளவுத் துண்டை எடுங்கள்.

திரும்ப வருவதைக் கண்டுபிடிக்கத் தேடல் பெட்டியே நல்லது. "மரம்" ஒரு முறை, "மரத்" ஒரு முறை. "வீடு" ஒரு முறை, "வீட்" ஒரு முறை. இரண்டையும் கூட்டினால் உண்மை எண் ஏறக்குறைய வந்துவிடும். "கல்" என்று தேடினால் கல்வியும் வந்து சேரும், அதைக் கண்ணால் கழித்துக்கொள்ளுங்கள்.

நிரல் எழுதி எண்ணுபவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. பைத்தான் நிரல்மொழியின் வழக்கமான தேடல் தொகுப்பில் (re) "சொல்லெழுத்து" என்ற குறி (\w) தமிழ் உயிர்க்குறிகளையும் புள்ளியையும் எழுத்தாக ஏற்காது. "தமிழ்" என்ற ஒரு சொல் "தம", "ழ" என்று இரண்டாக உடையும். அடிக்கடி வரும் சொற்களைப் பெரிதாகக் காட்டும் சொல்மேகப் படங்களில் தலையும் வாலும் இல்லாத எழுத்துகள் மிதப்பதற்கு இது ஒரு காரணம். இடைவெளியில் பிரித்து ஓரத்து நிறுத்தற்குறிகளை உரித்தால் போதும்.

குறைக்க வேண்டியது எது

சொல் எண்ணிக்கை நிஜமாகவே உதவும் இடம் சதையைக் குறைப்பதில். "நூலகத்தில் உள்ள பழைய நூல்களை மின்னுருவாக்கம் செய்யும் பணிகள் தற்போது தீவிரமாக மேற்கொள்ளப்பட்டு வருகின்றன என்பது குறிப்பிடத்தக்கது." 13 சொல். "நூலகத்தின் பழைய நூல்களை இப்போது மின்னுருவாக்குகிறார்கள்." ஐந்து. மிஞ்சிய எட்டுச் சொல் இடத்தில் எத்தனை நூல், யார் செய்கிறார்கள், எப்போது முடியும் என்று எழுதலாம். முதல் வாக்கியத்தில் அந்தக் கேள்விகளுக்குப் பதில் இல்லை என்பதே சுருக்கிய பிறகுதான் கண்ணில் படுகிறது.

இதற்கு மொத்த எண்ணிக்கை வேண்டாம், குறிப்பிட்ட சில சொற்களின் எண்ணிக்கை வேண்டும். "என்பது", "குறிப்பிடத்தக்கது", "மேற்கொள்ள", "வருகிற", "வருகின்ற", "ப்பட்ட", "என்ற நிலையில்", "ஒரு" ஆகியவற்றை ஒவ்வொன்றாகத் தேடிப் பாருங்கள். எல்லாவற்றையும் அழிக்கச் சொல்லவில்லை. ஒரே பத்தியில் மூன்று "என்பது" இருந்தால் இரண்டு வேலையில்லாமல் நிற்கும். "ஒரு" பெரும்பாலும் ஆங்கிலத்திலிருந்து ஒட்டிக்கொண்டு வந்தது. எடுத்துவிட்டு உரக்கப் படியுங்கள், இடறினால் திரும்பப் போடுங்கள்.

இலக்கு வைத்து இழுப்பது

தேடுபொறிக்குப் பிடிக்கும் என்று 2000 சொல் வரை இழுப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். விரும்பும் சொல் எண்ணிக்கை என்று எதுவும் தங்களிடம் இல்லை என்று கூகுள் தன் வழிகாட்டியிலேயே எழுதியிருக்கிறது. அதோடு அந்தப் பேச்சை முடித்துக்கொள்ளலாம்.

வாசிப்பு நேரத்தைக் காட்டும் கருவிகளும் ஆங்கில வேகத்தையே பிடித்துக்கொண்டிருக்கின்றன. புனைவல்லாத ஆங்கில நூலை மௌனமாகப் படிக்கும் சராசரி வேகம் நிமிடத்துக்கு 238 சொல் என்று 2019இல் வெளியான ஆய்வுத் தொகுப்பு ஒன்று கணக்கிட்டது. அதன்படி 1190 சொல்லுக்கு ஐந்து நிமிடம். தமிழ்ச் சொல் நீளம் என்பதால் அந்த ஐந்து நிமிடத்தில் முடியாது. மேடைப் பேச்சுக்கு எழுதுகிறீர்கள் என்றால் 300 சொல்லை உரக்கப் படித்துக் கடிகாரத்தில் பாருங்கள். மூன்று நிமிடம் ஆனால் உங்கள் வேகம் நூறு, பத்து நிமிடப் பேச்சுக்கு ஆயிரம் சொல். கைதட்டலுக்கும் தண்ணீருக்கும் நூறைக் கழித்துவிடுங்கள்.

தினமும் 500 சொல் என்று இலக்கு வைத்துக்கொள்வது முதல் வரைவுக்கு நல்லது. திருத்தும் நாளிலும் அதே கணக்கைத் தொடர்பவர்கள் வெட்ட வேண்டியதை வெட்டத் தயங்குவார்கள், எண் இறங்குவதைப் பார்க்க மனம் வராது. திருத்தும் நாளில் கணக்கு வேண்டுமென்றால் முடித்த பக்கங்களை எண்ணுங்கள். வெட்டிய பத்திகளை அழிக்காமல் வேறொரு கோப்பில் போட்டுவையுங்கள், அந்தக் கோப்பு எவ்வளவு வளர்ந்தது என்று பார்ப்பதுகூட நல்ல கணக்குதான்.