ஏற்றுமதி பெர்மிட்: சின்னப் பட்டறைகள் கோட்டைவிடும் இடங்கள்

மலேசியாவின் கெடா மாநிலத்தில் பாடாங் செராய், லூனாஸ் பக்கம் ஒரு சுற்று வந்தால், செம்பனைத் தோட்டத்துக்கும் தாமான் வீடுகளுக்கும் நடுவே சின்னச் சின்னப் பட்டறைகளைப் பார்க்கலாம். அப்பா அம்மா பால்மரம் சீவிய வீட்டுப் பிள்ளைகள் பலர் கூலிம் ஹைடெக் பார்க் தொழிற்சாலைகளில் வருஷக்கணக்கில் சிஎன்சி மெஷின் (கணினி கட்டளைப்படி உலோகம் கடையும் இயந்திரம்) ஓட்டிப் பழகி, கடன் வாங்கிச் சொந்தமாக ஒரு மெஷின் போட்டு நிமிர்ந்திருக்கிறார்கள். முன்பெல்லாம் பக்கத்துத் தொழிற்சாலைக்கு மட்டும் வேலை செய்தார்கள். இப்போது துபாயிலிருந்தும் ஷென்சென்னிலிருந்தும் நேராக வாட்ஸ்அப்பில் ஆர்டர் வருகிறது.

அவர்களுக்கு ஏற்றுமதிக் காகிதங்கள் தயார் செய்து கொடுப்பது என் வேலை. வரி, இன்வாய்ஸ் எல்லாம் கச்சிதமாக வைத்திருப்பவர்கள்கூட வியூக வாணிபச் சட்டம் 2010 என்றதும் விழிக்கிறார்கள். மலாயில் அக்தா பெர்டகாங்கான் ஸ்திராதேகிக். 2011இல் நடைமுறைக்கு வந்த இந்தச் சட்டம் ஆயுதங்களை மட்டும் கட்டுப்படுத்துவதாகப் பலர் நினைக்கிறார்கள். ஆயுதம் செய்ய உதவக்கூடிய சாதாரணப் பொருளும், அதன் வரைபடமும், அதற்குத் தரகு பேசுவதும் இதற்குள் வருகின்றன. பெர்மிட் இல்லாமல் அனுப்பி மாட்டினால் மில்லியன் கணக்கில் ரிங்கிட் அபராதம், நீண்ட சிறை. ஒரு சின்னப் பட்டறை அதற்கப்புறம் எழுந்திருக்கவே முடியாது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

"நாம என்ன துப்பாக்கியா செய்யறோம்?"

நான் அதிகம் கேட்கும் பேச்சு இது. ஆபத்தும் இங்கேதான் தொடங்குகிறது.

2003 அக்டோபரில் பிபிசி சைனா என்ற ஜெர்மன் கப்பல் லிபியாவுக்குப் போகும் வழியில் இத்தாலியின் தாரந்தோ துறைமுகத்துக்குத் திருப்பப்பட்டது. கன்டெய்னர்களைத் திறந்தால் உள்ளே யுரேனியம் செறிவூட்டும் சென்ட்ரிஃபியூஜ் இயந்திரத்துக்கான பாகங்கள். அவற்றைக் கடைந்து கொடுத்தது நம் ஷா ஆலாமில் இருந்த ஒரு துல்லியப் பொறியியல் நிறுவனம். ஆர்டர் துபாய் கம்பெனி ஒன்றின் பெயரில் வந்தது. பின்னால் இருந்தது பாகிஸ்தான் அணு விஞ்ஞானி ஏ.க்யூ. கானின் வலைப்பின்னல். எண்ணெய், எரிவாயுத் தொழிலுக்கான பாகங்கள் என்றே நினைத்ததாக அந்த நிறுவனம் சொன்னது. அதை அப்படியே நம்பிக்கொண்டு படித்தாலும் பயமாக இருக்கிறது. தேர்ந்த பொறியாளர்கள் இருந்த இடத்திலேயே பாகத்தைப் பார்த்து அதன் பயனைச் சொல்ல முடியவில்லை என்றால், இரண்டு மெஷின் வைத்திருக்கும் நம் பட்டறையில் எப்படித் தெரியும்?

அந்த விவகாரத்தில் மலேசியாவின் பெயர் உலகம் முழுக்க அடிபட்டது. 2004 ஏப்ரல் 28ஆம் தேதி ஐ.நா. பாதுகாப்பு மன்றம் 1540ஆவது தீர்மானத்தை நிறைவேற்றி, பேரழிவு ஆயுதங்களுக்கு உதவும் பொருள்களின் ஏற்றுமதியை எல்லா நாடுகளும் சட்டம் போட்டுக் கட்டுப்படுத்த வேண்டும் என்றது. நம் 2010 சட்டம் பிறந்த கதை இதுதான். அதாவது, இது ஆயுதத் தொழிற்சாலைக்காரனை மட்டும் மனதில் வைத்து எழுதிய சட்டம் இல்லை. ஷா ஆலாமில் பாகம் கடைந்தவர்களைப் போன்றவர்களையும், அதாவது நம்மைப் போன்றவர்களையும், மனதில் வைத்து எழுதியது.

பொருளின் பெயரைப் பார்த்து முடிவெடுப்பது

சட்டத்தோடு ஒரு பட்டியல் இருக்கிறது. ராணுவப் பொருள்கள் ஒரு பக்கம்; சாதாரணத் தொழிலுக்கும் ஆயுதத்துக்கும் உதவக்கூடிய இரட்டைப் பயன்பாட்டுப் பொருள்கள் பத்து வகைகளாக இன்னொரு பக்கம். பட்டியலில் "அலுமினியம் பைப்" என்று தேடினால் உங்களுக்கு வேண்டியது கிடைக்காது. அது அளவையும் வலிமையையும் வைத்துப் பேசுகிறது.

ஓர் உதாரணம். 1சி202 என்ற குறியீட்டின் கீழ் அலுமினியக் கலவை வருகிறது. குழாயாகவோ உருளைக் கம்பியாகவோ இருந்து, வெளிவிட்டம் 75 மில்லிமீட்டரைத் தாண்டி, இழுவிசை வலிமை 20 டிகிரி செல்சியஸில் 460 மெகாபாஸ்கலோ அதற்கு மேலோ வரக்கூடியதாக இருந்தால் அது கட்டுப்பாட்டுக்குள். நம் பட்டறைகளில் தினமும் புழங்கும் 6061 ரக அலுமினியம் டி6 பதத்தில் (ஹீட் டிரீட்மென்ட் போட்ட நிலையில்) சுமார் 310தான் வரும். கவலை இல்லை. 7075 டி6 என்றால் 500ஐத் தாண்டிவிடும். ஆக, ஒரே அலமாரியில் பக்கத்துப் பக்கத்தில் கிடக்கும், கண்ணுக்கு ஒரே மாதிரி தெரியும் இரண்டு 80 மில்லிமீட்டர் உருளைகளில் ஒன்றுக்குப் பெர்மிட் வேண்டாம், மற்றதற்கு வேண்டும். "இன்னும் ஹீட் டிரீட்மென்ட் போடலையே" என்ற சமாதானமும் செல்லாது. அந்த வலிமையை எட்டக்கூடிய கலவையா என்பதுதான் கேள்வி. பதப்படுத்துவதற்கு முன்னா பின்னா என்பது கணக்கில் இல்லை.

அதனால் மெட்டீரியல் சர்ட்டிபிகேட்டை ஃபைலில் போட்டு மறந்துவிடாதீர்கள். கஸ்டமருக்கு விலை சொல்வதற்கு முன் அதையும் வரைபடத்தையும் பட்டியலையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ரசாயனம் கையாளும் சில வால்வுகள், பம்புகள், கார்பன் ஃபைபர், வெப்பத்தைப் படம் பிடிக்கும் கேமரா, டிரோன் சம்பந்தப்பட்ட சிலவற்றுக்கும் இதே கதைதான்.

ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். பயந்துபோய் எல்லாவற்றுக்கும் பெர்மிட் கேட்டு ஓட வேண்டியதில்லை. நம் ஊர்ப் பட்டறைகளிலிருந்து போகும் ஜிக், பிராக்கெட், சாதாரண ஸ்டீல் பாகங்களில் பெரும்பாலானவை பட்டியலில் வராது. பார்த்துவிட்டு "வராது" என்று எழுதி வைப்பது வேறு, பார்க்காமலே "வராது" என்று சொல்வது வேறு. முதலாவது உங்களைக் காப்பாற்றும்.

சுங்கக் குறியீடு சரியாக இருந்தால் போதும் என்ற நம்பிக்கையையும் இங்கேயே தட்டிவிடுகிறேன். எச்எஸ் கோடு என்ற அந்தக் குறியீடு வரிக்காகப் பொருள்களை வகைப்படுத்துவது. 6061க்கும் 7075க்கும் ஒரே எச்எஸ் கோடு வரலாம். ஃபார்வர்டிங் ஏஜென்ட் கோடு போட்டுக் கொடுத்தார் என்பதால் பெர்மிட் தேவையில்லை என்று ஆகிவிடாது. பாகத்தின் வலிமை, அளவு, துல்லியம் எல்லாம் ஏஜென்டுக்குத் தெரியாது, உங்களுக்குத்தான் தெரியும். ஏற்றுமதியாளர் என்று காகிதத்தில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் பதில் சொல்ல வேண்டும்.

வாங்குபவர் யார் என்று கேட்கக் கூச்சப்படுவது

நம் ஆட்களிடம் ஒரு பழக்கம். புது கஸ்டமர், அதுவும் வெளிநாட்டுக்காரர், முன்பணம் போட்டுவிட்டார் என்றால் அதற்கு மேல் கேள்வி கேட்பது மரியாதைக் குறைவு என்று நினைக்கிறோம். "கேட்டா ஆர்டர் போயிடும் அண்ணே" என்பார்கள். நேர்மையாக வியாபாரம் செய்பவர் இந்தக் கேள்விக்குக் கோபப்படுவதில்லை. அவர் நாட்டிலும் இதே மாதிரி ஒரு சட்டம் இருக்கும். பொருளை யார், எதற்குப் பயன்படுத்துவார் என்று எழுதித் தரும் பயன்பாட்டு உறுதிமொழியில் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பது அவருக்குப் பழகிய வேலை.

கவனிக்க வேண்டிய அறிகுறிகள் தெளிவானவை. வாங்கும் கம்பெனிக்கு அந்தப் பாகத்தோடு சம்பந்தமே இல்லாத தொழில். டெலிவரி முகவரி ஒரு சரக்கு முகவர் அலுவலகம். சந்தை விலையைவிட அதிகம் தரத் தயார், ஆனால் இன்ஸ்டலேஷனும் வாரண்டியும் வேண்டாம். கடைசி நேரத்தில் போகும் நாடு மாறுகிறது. பணம் மூன்றாவது நாட்டிலிருந்து வருகிறது. பாகத்தின் பெயரை இன்வாய்ஸில் பொதுவாக எழுதச் சொல்கிறார்கள். இவற்றில் ஒன்று வந்தால் கேளுங்கள். இரண்டு மூன்று சேர்ந்து வந்தால் நிறுத்துங்கள்.

இதெல்லாம் எங்கோ நடப்பது என்று நினைக்க வேண்டாம். வடகொரியாவின் ராணுவ வானொலிக் கருவிகளை விற்ற குளோகாம் என்ற பினாமிக் கம்பெனி பற்றி 2017இல் ஐ.நா. நிபுணர் குழு அறிக்கை கொடுத்தது. அது காட்டிய முகவரி கோலாலம்பூர் லிட்டில் இந்தியா. தீபாவளிக்குத் துணி எடுக்க நாம் போகும் அதே பிரிக்ஃபீல்ட்ஸ்!

பட்டியலில் இல்லாத பொருளுக்கும் ஒரு கதவு இருக்கிறது என்பதைப் பலர் அறிவதில்லை. சட்டத்தின் 12ஆவது பிரிவு அது. பொருள் பட்டியலில் இல்லை, ஆனால் தடைசெய்த காரியத்துக்குப் பயன்படும் என்று உங்களுக்குத் தெரிகிறது, அல்லது சந்தேகிக்க நியாயமான காரணம் இருக்கிறது என்றால், அனுப்புவதற்குக் குறைந்தது 30 நாள் முன்பே அதிகாரிகளுக்குத் தெரிவிக்க வேண்டும். 2025 ஜூலை 14 அன்று, அமெரிக்காவில் உருவான உயர்திறன் செயற்கை நுண்ணறிவு சிப்புகளை ஏற்றுமதி செய்யவும் மலேசியா வழியாக வேறு நாட்டுக்கு மாற்றி அனுப்பவும் பெர்மிட் வேண்டும் என்று முதலீடு, வாணிப, தொழில்துறை அமைச்சு அறிவித்தபோது, கைகொடுத்தது இந்தப் பிரிவுதான். சர்வர், கணினிப் பாகங்கள் வாங்கி விற்கும் தம்பிமார்கள் இதை இரண்டு முறை படிக்க வேண்டும். ஆகவே, "எனக்குத் தெரியாது" என்று சொல்லிக்கொள்வதற்காகவே கேள்வி கேட்காமல் இருப்பது பலிக்காது.

பெட்டி போகாமலே நடக்கும் ஏற்றுமதி

லோரியில் ஏறி, பட்டர்வொர்த் துறைமுகத்துக்கோ பாயான் லெப்பாஸ் விமான நிலையத்துக்கோ போனால்தான் ஏற்றுமதி என்று நினைப்பது அடுத்த தவறு. கட்டுப்பாட்டுக்குள் வரும் பாகத்தின் வரைபடத்தையோ சிஎன்சி புரோகிராமையோ வெளிநாட்டுக்கு மின்னஞ்சலில் அனுப்பினால் அதுவும் ஏற்றுமதிதான். வாட்ஸ்அப்பில் போட்டாலும் அப்படித்தான். ஷேர் செய்த கிளவுட் ஃபோல்டரை அங்கே இருப்பவர் திறந்து எடுக்க வழி செய்து கொடுத்தாலும் அப்படித்தான். கஸ்டமர் அனுப்பிய வரைபடத்தை விலை கேட்பதற்காக வேறொரு நாட்டுப் பட்டறைக்குத் தட்டிவிடுவது நம்மிடையே சர்வசாதாரணம். ஒரு விநாடி வேலை. அந்த ஒரு விநாடிக்கு முன் அது எந்தப் பாகம் என்று பாருங்கள்.

தரகும் அப்படியே. சீனாவில் வாங்கி நேராக ஆப்பிரிக்காவுக்கு அனுப்ப வைத்து, இங்கே உட்கார்ந்து கமிஷன் மட்டும் வாங்குபவர்கள் இருக்கிறார்கள். சரக்கு மலேசிய மண்ணைத் தொடவே இல்லை என்றாலும், அது வியூகப் பொருளாக இருந்தால் தரகராகப் பதிவு செய்திருக்க வேண்டும்.

பழைய மெஷினை விற்கும்போது யாருமே நினைப்பதில்லை. புது மெஷின் வந்ததும் பழையதைக் கழித்துவிட ஆள் பார்ப்போம். வெளிநாட்டு வியாபாரி வந்து ரொக்கமாகக் கொடுத்து எடுத்துப்போவார். ஐந்து அச்சும் ஒரே நேரத்தில் சேர்ந்து இயங்கும் மில்லிங் மெஷின் பட்டியலில் இருக்கிறது. மூன்று அச்சு மெஷினும் துல்லியம் ஒரு வரம்பைத் தாண்டினால் உள்ளே வந்துவிடும். இருபது வருஷப் பழசு என்பது விலக்கு ஆகாது. கண்காட்சிக்குக் கொண்டுபோய்த் திருப்பிக் கொண்டுவருவதும், ரிப்பேருக்கு அனுப்புவதும்கூட ஏற்றுமதிதான்.

சிங்கப்பூர் வழியாகப் போனால் "சிங்கப்பூருக்குத்தானே அனுப்பினேன்" என்று எழுத முடியாது. கடைசியாக எங்கே, யாரிடம் போய்ச் சேர்கிறது என்பதுதான் பெர்மிட்டில் வர வேண்டும். சிங்கப்பூருக்கும் இதே போன்ற சொந்தச் சட்டம் 2003 முதல் இருக்கிறது; ஜொகூர் பாலத்தைத் தாண்டியதும் அவர்கள் கேள்வியும் சேர்ந்துகொள்ளும். அமெரிக்கப் பாகங்கள் உள்ளே இருந்தால் அந்நாட்டு மறு ஏற்றுமதி விதிகளும் பொருளோடு கூடவே பயணிக்கும். ஒருதலைப்பட்சத் தடைகளை ஏற்பதில்லை, ஐ.நா. தடைகளை மட்டுமே ஏற்கிறோம் என்பது மலேசிய அரசாங்கத்தின் நிலை. அதை வைத்துக்கொண்டு நம் பட்டறை தைரியமாக இருந்துவிட முடியாது. அமெரிக்கா ஒரு கம்பெனியைத் தன் பட்டியலில் போட்டுவிட்டால் அதன் பேங்க் கணக்கும் சப்ளையரும் கையைவிட்டுப் போக நேரமாகாது.

பெர்மிட் கைக்கு வந்த பிறகு

விண்ணப்பம் எல்லாம் இணையத்தில்தான். பெரும்பாலானவற்றை அமைச்சின் வியூக வாணிபச் செயலகம் பார்க்கிறது. கதிரியக்கம், மருந்துத் துறை சம்பந்தப்பட்டவற்றுக்கு வேறு அமைப்புகள். ஒரு தடவை அனுப்புவதற்கான பெர்மிட், பல தடவைக்கானது என்று வகைகள் உண்டு. பல தடவைக்கானது வேண்டுமென்றால் உங்கள் கம்பெனிக்குள் முறையான கண்காணிப்பு ஏற்பாடு இருப்பதைக் காட்ட வேண்டும். சின்னப் பட்டறைக்கு அது பெரிய சுமை போலத் தெரியும். உண்மையில் பொறுப்பான ஓர் ஆள், எழுதி வைத்த நடைமுறை, ஒழுங்கான ஃபைல், இவைதான் அதன் அடிப்படை.

பெர்மிட்டில் எழுதியிருக்கும் அளவு, வாங்குபவர், நாடு ஆகியவற்றில் ஒன்று மாறினாலும் பழைய பெர்மிட்டைக் காட்டி அனுப்பக் கூடாது. 50 பாகத்துக்கு வாங்கிவிட்டு, கஸ்டமர் கேட்டார் என்று 60 போடுவது நம் ஆட்களுக்குக் கருணை; சட்டத்துக்கு அந்தப் பத்தும் பெர்மிட் இல்லாத சரக்கு.

ஆவணங்களை 6 வருஷம் வைத்திருக்க வேண்டும். வாட்ஸ்அப் பேச்சில் முடிவான ஆர்டர் என்றால் அந்தப் பேச்சையும் எடுத்து வையுங்கள். போன் தொலைந்தால் ஆதாரமும் போச்சு. யார் கேட்டார், என்ன கேட்டார், எந்தப் பட்டியலைப் பார்த்தீர்கள், ஏன் வராது என்று முடிவு செய்தீர்கள் என்பதை ஒரு பக்கத்தில் எழுதி, தேதி போட்டு, வரைபடத்தோடு சேர்த்து பின் அடித்துவிடுங்கள்.

இதையெல்லாம் எப்போது செய்வது என்பதில்தான் முக்கால்வாசிப் பேர் தவறுகிறார்கள். சரக்கு பேக் ஆகி, லோரி வாசலில் நிற்கும்போது எனக்குப் போன் வருகிறது. அப்போது பெர்மிட் தேவை என்று தெரிந்தால் இரண்டே வழி: டெலிவரி தேதியை உடைக்க வேண்டும், இல்லையென்றால் சட்டத்தை உடைக்க வேண்டும். விலை கேட்டு முதல் மெசேஜ் வரும் அன்றே பாருங்கள். கொட்டேஷனிலேயே "ஏற்றுமதி அனுமதி கிடைப்பதைப் பொறுத்து டெலிவரி" என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.