கறுத்த முத்தைத் துடைக்காதீர்கள்

இங்கிலாந்துப் பிரபு குடும்பங்களின் பழைய மினியேச்சர் ஓவியங்கள், அதாவது ஆட்களின் உருவத்தை வரைந்த சிற்றோவியங்கள், உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். முதன்முதலில் பார்ப்பவர்கள் பலரும் ஒரே இடத்தில் தடுமாறுகிறார்கள். முத்துமாலையில் தெரியும் கறுப்புப் புள்ளிகளை அழுக்கு என்று நினைத்துவிடுகிறார்கள்.

அது அழுக்கில்லை, வெள்ளி. முதலாம் எலிசபெத் காலத்து ஓவியர் நிக்கோலஸ் ஹில்லியார்ட், முத்து வரைய வெள்ளைச் சாயத்தைச் சற்று மேடாகச் சொட்டுவார். அதன் உச்சியில் துளி வெள்ளிப்பொடி வைப்பார். காய்ந்ததும், கீரி மாதிரியான ஒரு சிறு விலங்கின் பல்லால் தேய்த்து மினுக்குவார். நம் வீட்டுக் கொலுசு கறுப்பதுபோல அந்த வெள்ளியும் நானூறு வருடத்தில் கறுத்துவிட்டது. வரைந்த அன்று மெழுகுவத்தி வெளிச்சத்தில் அந்த முத்து எப்படி மின்னியிருக்கும்! அதைத் துடைத்தால் போவது கறை இல்லை, முத்தேதான்.

முகம் வெளுத்திருப்பதும் அப்படித்தான். கன்னத்துக்குப் பூசிய சிவப்பு வெளிச்சம் பட்டுப் பட்டு மங்கிவிட்டது. படத்தை வைத்து, அந்தச் சீமாட்டி சுண்ணாம்பு நிறம் என்று முடிவுகட்ட வேண்டாம். சன்னலோரச் சுவரில் மாட்டவும் வேண்டாம். அருங்காட்சியகங்களில் இவற்றுக்கு 50 லக்ஸ் அளவு மங்கலான வெளிச்சம்தான் கொடுக்கிறார்கள்.

எல்லாவற்றையும்விட மோசமான தவறு ஈரத்துணி. ஹில்லியார்ட் காலத்தில் மெல்லிய கன்றுத்தோலில் வரைந்தார்கள். 1700 வாக்கில் வெனிஸ் ஓவியர் ரோசால்பா கரியேரா யானைத் தந்தத்தில் வரையத் தொடங்க, பிறகு அதுவே வழக்கமானது. தந்தம் நீரை உறிஞ்சாது. பிசினில் குழைத்த நீர்ச்சாயம் அதன் மேலே சும்மா உட்கார்ந்திருக்கிறது. விரல் நுனி ஈரம் பட்டாலே ஒரு கண்ணோ உதடோ போய்விடும். படத்தை மூடிய கண்ணாடியின் உட்புறம் பனித்துளி போல அரும்பியிருந்தாலும் நீங்களே திறக்காதீர்கள். பழைய கண்ணாடியே சிதைந்து கசிகிறது என்று அர்த்தம். உடனே ஓவியப் பாதுகாப்பு நிபுணரிடம் கொண்டுபோங்கள்.

அப்புறம், பெயர். படச்சட்டத்தில் பொறித்த பெயரையும் குலச்சின்னத்தையும் அப்படியே நம்பக் கூடாது, படச்சட்டங்கள் ஒரு படத்திலிருந்து இன்னொன்றுக்குக் கைமாறும். அரசவை ஓவியர் வரைந்ததாலேயே அது அரண்மனைப் பெண் ஆகிவிடாது. எட்டாம் ஹென்றியின் ஓவியர் ஹோல்பைன், 1536 வாக்கில் ஒரு பெண்ணைச் சீட்டுக்கட்டு அட்டையில் ஒட்டிய தோலில் வரைந்தார். லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. திருமதி பெம்பர்டன் என்றே நெடுநாள் அழைத்துவந்தார்கள். இன்று அவர் ஜேன் ஸ்மால், ஒரு வணிகரின் மனைவி என்று அடையாளம் கண்டிருக்கிறார்கள்.

விற்பதாக இருந்தால் நாட்டின் சட்டவிதியையும் பாருங்கள். பிரிட்டனின் 2018 தந்தச் சட்டம், 1918க்கு முந்தைய, 320 சதுர சென்டிமீட்டருக்கு மிகாத உருவச் சிற்றோவியங்களுக்கு விலக்கு தருகிறது. ஆனால் பதிவு செய்தாக வேண்டும்.

பின்பக்கக் கண்ணாடிக்கு அடியில் சில சமயம் பின்னிய முடிக்கற்றை இருக்கும். குப்பை என்று எடுத்துவிடாதீர்கள். படத்தில் இருப்பவருடைய முடியாகவே அது இருக்கலாம்.